பிள்ளைகளைக் கேட்டேன், முளைப்பாரி வந்தது

பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த வருடம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மனை நம்பும் உங்களிடம் அதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சோழவந்தான் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியை. இப்போது குடியிருப்பது பழங்காநத்தம் என்றாலும், ‘அ’ எழுதிப் பழகியது இதே பள்ளியில்தான். மூன்றாம் வகுப்பில் இடமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னோம். சத்துணவு வாசம் வந்தால் ஏழாம் வாய்ப்பாடு எல்லோருக்கும் மறந்துபோகும். அந்த இரைச்சலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அதே மூன்றாம் வகுப்பு அறையை, பிள்ளைகள் குறைந்துபோனதால், என் கையாலேயே பூட்டினேன். காலையில் தனியார் பள்ளி வேன் வந்து ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். எங்களிடம் மிஞ்சிய கொஞ்சம் பேருக்குப் பக்கத்து அறை ஒன்றே போதும். பள்ளியை மூடினால் அவர்கள் ரயில் தண்டவாளம் தாண்டிப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கினேன். மோர் கொடுத்தார்கள், பிள்ளையைக் கொடுக்கவில்லை.

ஆடி பிறந்ததும் காளியம்மன் முன்னால் நின்று அழுதேன். “என் அறையை நிறைத்துக் கொடு தாயே.”

மறுநாள் ஊர்ப் பெரியவர் ராமையா வந்தார்.

“டீச்சர், முளைப்பாரி போடுற வீடு ஒழுகுது. பூட்டிக் கெடக்குற அறையத் தாறீகளா?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேட்டது பிள்ளைகளை, அவள் அனுப்பியது மண்சட்டியும் நவதானியமும்! ஆனாலும் அம்மன் காரியம். சாவியைக் கொடுத்தேன்.

விரதமிருந்த பெண்கள் தினமும் முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்க வந்தார்கள். ஒரு மதியம், எங்கள் மூன்றாம் வகுப்பு மாரீஸ்வரி, தானியம் சுற்றி வந்த பேப்பரை விரித்து மளமளவென்று வாசித்துக்கொண்டிருந்தாள். மகனை வேனில் அனுப்பும் செல்வி, செம்பும் கையுமாக நின்றுவிட்டாள்.

“எம்மகன் புஸ்தகத்துல உள்ளத மட்டும் ஒப்பிப்பான். இது கண்ட பேப்பரையும்ல வாசிக்குது! எம்புட்டு நாளா டீச்சர் இப்பிடி?”

“நீ இப்பத்தானே உள்ள வந்துருக்க” என்றேன்.

முளைப்பாரி கரைத்த மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு செல்வி வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பள்ளி பிழைத்தது. அன்றிலிருந்து அம்மனிடம் கேட்பதோடு சரி, வழி சொல்லிக் கொடுப்பதில்லை.

இந்த ஆடியிலும் ராமையா சாவி கேட்டு வந்தார். கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே மூன்றாம் வகுப்பு. வாசற்படியிலும் இரண்டு பேர் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எடமில்லையேண்ணே.”

“அம்மன் பிள்ளைகதான உள்ள இருக்கு. நாங்க வேற வீடு பாத்துக்கிறோம் டீச்சர்.”

உங்கள் வீட்டிலும் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று இருக்கும். அவள் கேட்டு வந்தால், எதற்கென்று கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.