பாதி விலையும் ஒரு சொல்லும்

எங்கள் அம்மாவிடம் மீன் விற்று லாபம் பார்த்தவர் கஜா பெராங் ஊரில் எவருமில்லை. அப்படிப்பட்டவள், புக்கிட் ரம்பாயில் தன் அத்தா விட்டுப்போன காட்டு நிலத்தைப் பாதி விலைக்குக் கொடுக்கப் போகிறாள் என்று கேட்டதும் மாமா சோற்றிலிருந்து எழுந்துவிட்டார்.

செங்கல் சூளை நடத்தும் சீன முதலாளியான தவுக்கே முழு விலை தரத் தயாராக இருந்தார். காப்புக்காடாக வைத்துக்கொள்ளக் கேட்ட அரசாங்கத்திடம் இருந்ததோ அதில் பாதிதான். நிலம் சூளைக்குப் போனால் எனக்குக் கிராமபோன் வாங்கித் தருவதாக மாமா வாக்களித்திருந்தார்.

“ஏன் லாத்தா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?” என்று தன் அக்காளைக் கேட்டார்.

“சூளைக்காரரு மரத்த வெட்டி எரிப்பாரு, மண்ணத் தோண்டிச் சுடுவாரு. எங்காங் எங்கடா போவும்?”

எங்காங்கை நானும் பார்த்திருக்கிறேன். பெரிய அலகுள்ள பறவை. பெட்டை, குஞ்சோடு மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்கும்; வாசலைப் பூசி ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். சேவல் அதன் வழியே பழம் ஊட்டும். அழகுதான். ஆனால் கிராமபோன் மாதிரிப் பாடாது.

பத்திரம் எழுத அரசாங்க அலுவலகத்துக்கு அம்மா என்னையும் அழைத்துப் போனாள். வெள்ளைக்காரத் துரையின் பக்கத்தில் நின்ற, எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி, விலை சம்மதம்தானா என்று மூன்று முறை கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “துவான், தவுக்கே ரெண்டு மடங்கு தர்றாரு!” என்று மலாய் மொழியில் கத்திவிட்டேன்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். இப்போதுகூட மனம் மாறலாம் என்று கிராணி மூலம் சொன்னார்.

அம்மா என் தொடையில் கிள்ளியபடியே, “எல்லாம் தெரிஞ்சுதான் வந்தேன். மரத்தப் பத்தி என்ன எழுதியிருக்கு, படிங்க” என்றாள்.

“அவசியமின்றி எந்த மரத்தையும் வெட்டலாகாது.”

“அந்த ‘அவசியமின்றி’ எதுக்கு? எடுங்க.”

அது வழக்கமான வாசகம் என்றார் கிராணி. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து கதவு வரை போனாள். விலைக்கு வாயே திறக்காதவள், அந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் மல்லுக்கு நின்றாள். கடைசியில் துரையே சிரித்துக்கொண்டு அதை அடித்துவிட்டார்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனோம். எல்லைக்கல் அருகே மலாய்க் காவல்காரர் வழிமறித்தார். சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாதாம். இது எங்கள் நிலம் என்றேன். அவர் அசையவில்லை.

“நல்லாக் காவல் காக்குறாரு” என்று அம்மா என்னிடம் சொல்லி, எங்களுக்காகக் கொண்டுவந்திருந்த வாழைப்பழச் சீப்பை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

சொந்தக் காட்டு வாசலிலேயே விரட்டப்பட்டவள், வழியெல்லாம் ஏன் அத்தனை பெருமையோடு நடந்தாள் என்பது அன்று எனக்குப் பிடிபடவேயில்லை.