ரெண்டு சாவியும் இருக்கா?

கார் திருட்டுப் போனவர்களைவிட, காரைத் தாங்களே 'திருட்டுக் கொடுத்தவர்கள்' வீட்டில்தான் என் தொழிலில் அதிகம் காப்பி குடித்திருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் திருட்டுக் கிளெய்ம்களை விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. நாகர்கோவிலில் இருந்துகொண்டு, கிழக்கே ஆரல்வாய்மொழி முதல் மேற்கே களியக்காவிளை வரை அலைகிறேன்.

பிரீமியம் கட்டும்போதெல்லாம் "போன வருசத்தவிட ஏன் கூடிப்போச்சு?" என்று ஏஜெண்டிடம் சண்டை போடுகிறீர்கள் அல்லவா? அவரை விட்டுவிடுங்கள், பாவம். கீழே வருகிறவர்களில் சிலரிடம் போய்ச் சண்டை போடுங்கள். நானும் உங்களோடு வருகிறேன்.

முன்பெல்லாம் கார் திருடன் கண்ணாடியை உடைப்பான். தரையில் நாலு சில்லாவது கிடக்கும், அதைப் படம் பிடித்துக் கொடுத்தால் கம்பெனி நம்பும். இப்போது வருகிறவன் கையடக்கமாக ஒரு கருவியைக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்து, வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். தடயம் எதுவும் இல்லாததால் கம்பெனிக்காரர்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். வண்டி வாங்கியபோது கொடுத்த ரெண்டு சாவியும் கையில் இருக்கிறதா? இருந்தால் யோக்கியர். ஒன்று குறைந்தால் ஆயிரம் கேள்வி.

ஒரு சாவிக்காரர்

ஜான்சன் கன்னியாகுமரியில் டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறவர். ஒரே வண்டி, சொந்த வண்டி. அதிகாலையில் சூரிய உதயம் பார்க்க ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, லாட்ஜ் பின்னால் இருக்கும் முற்றத்தில் வண்டியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வண்டி இல்லை. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "மத்தது?" என்றேன். "அது வண்டியிலதான் கெடந்தது சார்" என்றார்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இத்தனை காலத்தில் யாரும் என் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னதில்லை. சாவியை வண்டியிலேயே விட்டுப் போனால் அது கவனக்குறைவு, கிளெய்ம் அப்படியே தள்ளுபடி ஆகிவிடலாம் என்று விளக்கினேன். அது அவருக்கும் தெரியும். போலீஸ் ஸ்டேஷனிலும் இதையேதான் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த முற்றம் சின்னது, வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், உள்ளே மாட்டியவன் வெளியே வர வேண்டுமானால் முன்னால் நிற்கிற வண்டியை நகர்த்த வேண்டும், அதனால் எல்லாரும் சாவியை வண்டியிலேயே விடுவோம் என்றார். கிளெய்ம் கிடைக்காவிட்டால் மிச்சக் காலம் முழுக்க அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்ட வேண்டும், அதுவும் அவர்கள் லீவு போடுகிற நாளில் மட்டும். "சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லச் சொல்லி ஸ்டாண்டுல யாரும் சொல்லலியா?" என்று கேட்டே விட்டேன். ஜான்சன் சொன்னார்: "எல்லாரும் சொன்னாவ சார். ஆனா ஒரு பொய்யச் சொல்லீட்டு, அத மறக்காம நடக்கதுக்கு எனக்குக் கழியாது."

மேனேஜரின் தலைவலி

கம்பெனியின் கிளை மேனேஜர் ஒரு அம்மாள். மதுரைக்காரர், கறார், ஆனால் நியாயமானவர். ஜான்சன் விஷயத்தைப் போனில் சொன்னேன். பொய்யென்றால் ஒரே வரியில் முடித்துவிடலாம், இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவருக்கும் புரியவில்லை. அந்த முற்றத்துக்கு நேரில் போய் மற்ற டிரைவர்களிடம் வாக்குமூலம் வாங்கி வரச் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார். "திருட்டுப் பயலுக ஃபைலையெல்லாம் ஒரு நாள்ல முடிச்சிடுறேன் சார், இந்த மாதிரி உண்மையச் சொல்ற ஆளுகதான் என் உசுர வாங்குறாங்க."

பந்தியில் ஒரு சந்திப்பு

முற்றத்துக்குப் போவதற்குள் வேறு ஃபைல்கள். தக்கலையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவருடைய கார், திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் திருட்டுப் போயிருந்தது. நான் உட்காருவதற்கு முன்பே ரெண்டு சாவி, ஆர்.சி. புக், எஃப்.ஐ.ஆர். நகல், வண்டியை நாலு பக்கமும் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்துவிட்டன. ஜான்சனை நினைத்துக்கொண்டேன், எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் மல்லிகைச் சரம் சுற்றிய மாப்பிள்ளைக் கார். நம்பர் வேறு. ஆனால் பின் பம்பரில் ஒரு நெளிசல், அதன் பக்கத்தில் பாதி கிழிந்த ஒரு கிளி ஸ்டிக்கர். அந்தப் படத்தைத்தான் ஹார்டுவேர் கடைக்காரரே எனக்குக் கொடுத்திருந்தாரே! உள்ளே பந்தியில் என் எதிர் இலையில் அவரே உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். "வெளிய நிக்கது உங்க வண்டிலா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை, விளம்புகிறவரைக் கூப்பிட்டு என் இலையைக் காட்டினார். "இலையில இருந்துட்டு கேஸு பேசப்பிடாது சார். பால்பாயசம் வருது, போளியப் பிச்சுப் போட்டு அடியுங்க, மத்தத நாளைக்குப் பேசுவோம்."

தண்ணீர் அடைத்த பிறகு

இராஜாக்கமங்கலம் போகிற வழியில் ஒரு குளம். அதற்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது அவருடைய பழைய கார் வீட்டு வாசலிலிருந்தே காணாமல் போனது. அடை மழைக் காலம். ரெண்டு சாவியும் கணக்காக இருந்தன. எனக்குச் சந்தேகம் இருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபைல் இழுத்துக்கொண்டே கிடந்தது, அவரும் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்தது, குளத்துக்கு வரும் சானலில் தண்ணீரை அடைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அடைப்பதுதான், குளம் வற்றுவதும் வழக்கம்தான். பங்குனி வெயிலில் நடுக்குளத்தில் ஒரு வெள்ளைக் கூரை தலைகாட்ட, அதன் மேல் நீர்க்காகம் உட்கார்ந்து சிறகு காயப்போட்டது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. எனக்குப் போன் செய்ததும் ஊர்க்காரர்கள்தான். நான் படத்தை வாட்ஸாப்பில் மஸ்கட்டுக்கு அனுப்பினேன். திருடன்தான் கொண்டுபோய்த் தள்ளியிருப்பான் என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குக்கூட அவருக்குத் தோன்றவில்லை. உடனே கூப்பிட்டார், குரலில் அப்படி ஒரு ஆத்திரம். "பன்னெண்டு வருசமா பாலைவனத்துல கெடக்கவனுக்கு சானல்ல தண்ணி எப்பம் அடைப்பானுவன்னு எப்பிடி சார் தெரியும்? ஊருல ஒருத்தனாவது சொல்லப்பிடாதா?"

முற்றத்து வாக்குமூலம்

கடைசியில் ஒரு நாள் காலை கன்னியாகுமரிக்குப் போனேன். ஜான்சன் சொன்னது போலவே சின்ன முற்றம், வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. நானும் என் காரை வாசலை ஒட்டி ஒரு வரிசையில் சொருகிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு லாட்ஜின் முன்பக்கம் போனேன். அங்கே டிரைவர்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் செல்லையன். சக டிரைவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற வேகம் அவர் முகத்திலேயே தெரிந்தது. இந்த ஸ்டாண்டில் ஒருத்தரும் சாவியை வண்டியில் வைப்பதே கிடையாது, எல்லாரும் அத்தனை கவனம், ஜான்சனும் கண்டிப்பாக எடுத்திருப்பான், பதற்றத்தில் மாற்றிச் சொல்கிறான் என்றார். மற்றவர்களும் வரிசையாக வந்து அதையே ஒப்பித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாரும் சாவியை விடுவது வழக்கம் என்று சொல்லியிருந்தால் ஜான்சன் பிழைத்துப்போவார். யாரும் விடுவதில்லை என்று சத்தியம் செய்தால், ஊரிலேயே கவனமில்லாத ஒரே ஆள் அவர் என்றுதானே ஆகிறது? ஜான்சன் ஓரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களிடம் இதை விளக்கவும் எனக்கு வழியில்லை. சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று என் பெயர் கெடும்.

பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தேன். என் கார் இல்லை. சட்டைப்பையைத் தடவினேன், சாவியும் இல்லை. இறங்கும்போது வாசலில் நின்ற யாரோ "சாவிய அதுலயே போட்டுருங்க சார், உள்ள நிக்கவன் எடுக்கணும்" என்று சொன்னதும், நானும் சரி என்று தலையாட்டி விட்டுவிட்டு வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த ஒரே தப்பை எத்தனை பேரிடம் எத்தனை காலமாகக் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறேன்! நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் செல்லையன் ஓடி வந்தார். நாலு வண்டி தள்ளி, சுவரோரம் நின்ற என் காரைக் காட்டினார். "பேடிக்காதீங்க சார், லாட்ஜ் பையன் மாத்திப் போட்டிருக்கான். சாவி அதுலதான் இருக்கும், இங்க நாங்க ஆரும் சாவிய எடுத்துட்டுப் போவ மாட்டோம்லா."

முக்கால் நியாயம்

சொல்லி முடித்த பிறகுதான் செல்லையனுக்கே உறைத்தது. நான் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து, தொங்கிய சாவிகளைப் படம் எடுத்தேன், கடைசியாக என் காரையும். பழைய வாக்குமூலங்களைக் கிழித்துப்போடச் சொல்லிக் கெஞ்சினார்கள். கிழிக்க மாட்டேன் என்றேன். அவற்றின் கீழேயே செல்லையன் புதிதாக ஒன்று கொடுத்தார், உள்ளது உள்ளபடி. சாவியை விடாமல் அந்த முற்றத்தில் யாரும் தொழில் செய்ய முடியாது, விசாரிக்க வந்தவனே விட்டுவிட்டுத்தான் போனான் என்று என் அறிக்கையில் எழுதினேன். "உங்க காரையும் சேத்தே எழுதணுமா சார்?" என்று மேனேஜர் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

மேலிடம் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது: மோசடி இல்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு, ஆகவே கால் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். ஜான்சன் அதை வைத்து ஒரு பழைய வண்டி பிடித்துவிட்டார். முதல் ஓட்டமாக என் வீட்டுக்குத்தான் வந்தார், மட்டி வாழைப்பழக் குலையோடு. பழம் வாங்கக் கூடாது என்பது என் விதி. அதைச் சொன்னேன். சிரித்தார், குலையைத் திரும்பவும் டிக்கியில் வைத்தார். ஏறி உட்கார்ந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார். "ஒண்ணு கேக்கட்டா சார், கோவப்படப்பிடாது. அண்ணைக்கே பொய் சொல்லியிருந்தா முழுசும் தந்திருப்பாவளா?"

பொய்யைக் கண்டுபிடிப்பதற்கு எனக்குக் கூலி கொடுக்கிறார்கள், ஆனால் உண்மை தானாக வந்து எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மட்டும் எந்தக் கம்பெனியும் எனக்கு இன்னும் சொல்லித் தரவில்லை.