மூன்றாவது ஆள்

கடம்பூர்ப் பக்கம் வீடு வீடாக மக்கள்தொகைக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில், "நானும் வீட்டுக்காரரும் மட்டுந்தான் டீச்சர்" என்றாள் அந்தப் பெண், வாசலை மறித்து நின்றுகொண்டு. கொடியில் குட்டியாக ஒரு பள்ளிச் சீருடை காய்ந்தது. யாரிடம் கதை விடுகிறாள்? அதட்டினேன்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல எங்கூட வேல பார்த்த ஒடிசாக்காரி பிள்ள டீச்சர். அவ செத்துட்டா, ஊருக்குப் போன அப்பன் திரும்பி வரல. நீங்க எழுதிட்டா, ஆபீசர்மாரு வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாவல்லா?"

அதையும் நான் நம்பவில்லை. "எங்க அந்தப் பிள்ள? வரச் சொல்லு" என்று குரலை உயர்த்தினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி வந்தாள். "சத்தம் போடாதிய டீச்சர். எங்கம்மா பயப்படுதா."

போனில் கணக்கெடுப்புப் படிவத்தில் போட்டிருந்த இரண்டை மூன்றாகத் திருத்தினேன். அடுத்து உறவுமுறை. அதை மட்டும் நான் கேட்கவே இல்லை. மகள் என்று போட்டேன்.