கலைவாணி டீச்சரும் இரண்டு ரிசீவர்களும்

கலைவாணி டீச்சர் போய்விட்டார். இன்று காலை.

பழைய ஸ்டாஃப் குரூப்பில் மெசேஜ் பார்த்ததும் அழுகைக்கு முன்னால் ஆண்டு விழா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்... மன்னியுங்கள் டீச்சர்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. நான் சயின்ஸ், அவர் பி.டி. டீச்சர். டிவிடி வந்த புதிது.

ஸ்டாஃபில் எங்கள் இரண்டு பேர் வீட்டில்தான் ஹோம் தியேட்டர் ரிசீவர், டிவிடி சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி, இருந்தது. அவருடையது, தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. முதல் நாள் ஹெலிகாப்டர் சீன் போட்டதும் அவர் மாமியார் கூரையைப் பார்த்து, "வூட்டு மேல இன்னாடி பறந்துகினு கீது?" என்றாராம்.

அந்த ஆண்டு விழா அன்று மத்தியானம் மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிட்டது. நல்லவேளை, ஸ்பீக்கர் பாக்ஸ் நான்கும் தப்பின. நான் வீராப்பாக என் ரிசீவரைக் கொண்டுவந்து நான்கையும் அதிலேயே மாட்டினேன்.

குரூப் டான்ஸ் பாதியில்... டப். நான்கு பாக்ஸைத் தாங்காமல் சூடாகி ஆஃப்.

முன்வரிசையில் ஏரிக்கரை இருளர் குடியிருப்புப் பெற்றோர்கள். அன்றைய கூலி வேலையை விட்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய பெண்கள் மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை.

மேடையில் தூக்கிய கையோடு நின்ற அந்தப் பெண்களில் ஒருத்தி, அஞ்சலை, கேட்டாள், "டீச்சர், கைய எறக்கலாமா?"

"எறக்கும்மா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்!" மொபெட்டில் வீட்டுக்குப் பறந்தார் டீச்சர். கேரியரில் தன் ரிசீவரைக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

நான் அதன் வயரையும் அதே ஸ்பீக்கரில் சேர்க்கப் போனேன்.

"சார், கைய எடுங்க! ஒரே ஸ்பீக்கர்ல ரெண்டையும் குடுத்தா ரெண்டுமே பூடும். நீங்கதான சயின்ஸ் சாரு?"

இடப்பக்கம் இரண்டு பாக்ஸ், அதற்குள் சூடு ஆறிவிட்ட என் ரிசீவரில், வலப்பக்கம் இரண்டு அவருடையதில். இரண்டிலும் பாட்டு போக, என்னுடையதிலிருந்து அவருடையதற்கு ஒரு வயர். அவ்வளவுதான்.

பாட்டு கிளம்பியது பாருங்கள்... மைதானமே அதிர்ந்தது! டான்ஸை முதலிலிருந்து ஆடினார்கள்.

முடிந்ததும் அஞ்சலையின் அம்மா மேடைக்குக் கீழே வந்து நின்றார். "டீச்சரம்மா, இன்னொரு தபா போடும்மா. எம் பொண்ணு ஆடறத இன்னும் பாக்கணும்."

மூன்று தடவை போட்டோம். மூன்றாவது தடவை, கழுத்தில் விசிலோடு டீச்சரும் மேடையேறி ஆடினார். எச்.எம். முறைத்துப் பார்த்தார்... பிறகு அவரும் கைதட்டினார்.

போய் வாங்க டீச்சர். உங்களோடு வேலை பார்த்த காலத்தில்தான் நான் அவ்வளவு சிரித்தேன்.