கீழே வைக்க முடியாத பிளா

போன மாதம் மகள் என்னை ஒரு சிலி நாட்டுச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரொறொன்ரோவுக்கு வந்து இத்தனை காலமாகியும், வெளியே சாப்பிடுவது என்றால் தோசைக்கடையைத் தாண்டாத ஆள் நான். "ஒருநாளைக்கு வேறை சாப்பாடு சாப்பிட்டால் செத்துப்போக மாட்டியள் அப்பா" என்றாள். உலகப் படத்தில் பயற்றங்காய் மாதிரி நீளமாகக் கிடக்கும் அந்த நாட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரிக்கு என் வயதிருக்கும். மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க எதையோ கொண்டுவந்து முன்னால் வைத்தார். பைலா மரினாவாம். நண்டும் இறாலும் மட்டியும் மீன்துண்டும் ஒன்றாகக் கிடந்து கொப்பளித்தன. ஆவி முகத்தில் அடித்தது. எடுத்த கரண்டியைத் திரும்ப மேசையிலேயே வைத்தேன்.

ஏனென்றால் அது எங்கள் ஊரில் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சுகிற கூழ். ஒடியல் மா ஒன்றுதான் குறை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மா இல்லாமல் கூழா என்று என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். மூக்குக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

சண்டைக் காலத்தில், ஊரில், குருநகர்க் கடற்கரைக்குக் கிட்ட பிலோமினாக்காவின் கடை இருந்தது. கடை என்றால் நீங்கள் பெரிதாக நினைத்துவிடக்கூடாது. நாலு தூண், மேலே தகரம், உட்கார இரண்டு வாங்கு. சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் கூழ். அக்காவின் புருஷனைக் கடலில் வைத்து ஹெலிகொப்டர் சுட்டது. வள்ளம் கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. அதன்பிறகுதான் அக்கா கடை போட்டார். ஆமி இருந்த கோட்டையிலிருந்து ஷெல் வந்து பக்கத்து வீட்டில் விழுந்த கிழமையும் அடுப்பு எரிந்தது. தகரம் முழுக்கச் சன்னம் துளைத்த ஓட்டை. வெயில் ஒழுகி எங்கள் மடியில் விழும். வெளியில் சாப்பிடப் போவதென்றால் இன்றைக்குக் கடை இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டிய காலம் அது. திறந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

நானும் யோகனும் பட்டணத்தில் ஒரு சைக்கிள் சாமான் கடையில் வேலை செய்தோம். யோகன் உரும்பிராய். சுத்த சைவக் குடும்பம். அவனுடைய அம்மா, மீன்காரனின் ஹோர்ன் சத்தம் ஒழுங்கைமுனையில் கேட்டாலே படலையைச் சாத்திவிடுவார். பெற்ற மகனோ சனிக்கிழமைக்காக ஞாயிறிலிருந்து காத்திருப்பான். நண்டுக்காலை அவன் கடிக்கிற கடியைப் பார்த்தால் ஏழு தலைமுறைச் சைவமும் ஒரேயடியாகப் பழிவாங்குவதுபோல் இருக்கும். முடிந்ததும் கிணற்றடியில் வாய் கொப்பளித்து, கிராம்பைச் சப்பி, போகிற வழியில் கோயிலில் திருநீறும் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவான். நான் சிரித்தால், "சிரியாதை மச்சான், அம்மாவுக்குத் தெரிஞ்சால் மனிசி கிணத்துக்கை குதிச்சிடும்" என்பான்.

பிலோமினாக்கா கூழைப் பிளாவில்தான் தருவார். பனையோலையை மடித்து நுனியில் முடிச்சுப் போட்ட தொன்னை அது. அடி கிடையாது. நிலத்தில் வைத்தால் சரிந்துவிடும். அதனால் கையில் வாங்கினால் குடித்து முடிக்கும்வரை கையிலேயே இருக்கவேண்டும். முதல் நாளே யோகனுக்கு அக்கா சட்டம் சொல்லிவிட்டார். "தம்பி, கூழ் நிலத்திலை ஊத்துப்படக் கூடாது. கடலுக்குப் போற சனத்துக்கு அது ஆகாது. ஏலாட்டி என்ரை கையிலை தாரும்." வீட்டில் நண்டைக் கண்ணாலும் கண்டிராத பயல், இந்தச் சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஹெலி வந்தால் நாங்கள் பிளாவை எறிந்துவிட்டு வாங்குக்குக் கீழே புகுவோம். அவன் பிளாவோடு புகுவான். ஒரு துளி சிந்தாது.

அன்றைக்கு வானத்தில் சத்தம் இல்லை. ஆமி நடந்து வந்தது. எந்த ஆமி என்று கேட்காதீர்கள். அந்த வருடங்களில் ஆமிகள் மாறின, கத்துகிற பாஷை மாறியது, துவக்கு ஒரே பக்கம்தான் பார்த்தது. சந்தியில் குண்டு வெடித்து அவர்களில் யாரோ செத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. தெரியாமல்தான் கூழ் வாங்கிக்கொண்டு நின்றோம்.

முதலாவது ஆள் வந்த வேகத்தில் பானையை உதைத்தான். கொதிக்கிற கூழ் அடுப்பில் கொட்டிப் புகை எழும்பியது. வாங்கில் இருந்த கிழவரின் முகத்தில் துவக்குப் பிடியால் இடித்தான். பல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஏதோ கத்தினார்கள். கையை உயர்த்தச் சொல்கிறார்கள் என்பதற்குப் பாஷை தேவையில்லை. எல்லோரும் பிளாவை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினோம். சூடு என் கால் முழுக்கப் பட்டது.

யோகன் மட்டும் பிளாவோடு நின்றான்.

அவனுக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். உதடு வெளிறிப்போயிருந்தது. ஆனால் கை விடவில்லை. எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்தான். நிலம்தான் இருந்தது. பிறகு, "அக்கா, இதை ஒருக்கா பிடியுங்கோ" என்று சொல்லிக்கொண்டு பிலோமினாக்காவின் பக்கம் சடாரென்று திரும்பினான்.

சுட்டார்கள். மூன்று பேராவது சுட்டிருப்பார்கள். தூணில் சாய்ந்து, அப்படியே வழுகி, கூழுக்குள்ளேயே இருந்தான். நெஞ்சு திறந்துபோய்க் கிடந்தது. பிலோமினாக்கா பாய்ந்து அவனைப் பிடித்தபோது அவரைத் தலைமயிரில் பிடித்து இழுத்து எறிந்தார்கள். எழும்பி மறுபடியும் போய்ப் பிடித்தார். அவர்கள் போகும்வரை விடவில்லை. எனக்கு இன்றைக்கும் சுட்டவர்களின் கழுத்தை நெரிக்கவேண்டும் போலிருக்கிறது. வயது போனால் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை.

உரும்பிராய்க்கு உடலைக் கொண்டுபோனோம். யோகனின் உடம்பிலிருந்த சேட்டில் இரத்தமும் கூழும் ஒன்றாகக் காய்ந்திருந்தன. அவனுடைய அம்மா அந்தச் சேட்டை முகத்தோடு வைத்து மணந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தம்பி, பிள்ளை சாப்பிட்டவனோ?"

"இல்லை அம்மா. சுடுது, ஆறட்டும் எண்டு கையிலை வைச்சுக்கொண்டு நிண்டவன்."

"ஒரு வாய்கூட?"

"இல்லை."

கொஞ்சநேரம் சேட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "கிராம்பு சப்பினால் மணக்காது எண்டு நினைச்சவன். விசரன். பெத்தவளுக்குத் தெரியாதே?" என்றார். "எட்டுச்செலவுக்கு அதைத்தான் நான் அவனுக்குக் குடுக்கவேணும். அந்தக் கூழ்க்கடை மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். ஆனால் அந்த வீட்டில் நண்டா? பெரியப்பா முறையான ஒருவர் குதித்தார். "இந்த வளவுக்குள்ளை மச்சம் மாமிசம் வந்தால் நாங்கள் ஆரும் வாசல் மிதிக்க மாட்டம்!"

"மிதியாதேங்கோ" என்றார் அம்மா. போய்ப் படலையை அகலத் திறந்துவிட்டார்.

பிலோமினாக்கா என் சைக்கிளில் பானையோடு வந்தார். முற்றத்தில் கல் வைத்து மூட்டிச் சூடாக்கினார். யோகனின் படத்துக்கு முன்னால் சோறு, கறி, வடை எல்லாம் வாழையிலையில் இருந்தன. கூழை எங்கே வைப்பது? பிளாவுக்குத்தான் அடி இல்லையே. அக்கா பிளாவை நிரப்பிக்கொண்டு திகைத்து நின்றார். "கொண்டாரும்" என்று அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். விரல் சிவந்தது. படத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தபடி, "ஆறட்டும் ராசா, அம்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றார். ஆவி அடங்கும்வரை கை இறங்கவில்லை. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே அழுதோம்.

பிலோமினாக்காவின் கடை பிறகொரு குண்டுவீச்சில் போனது. தூண் இருந்த இடம்கூடத் தெரியாது. தொண்ணூற்றைந்தில் சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது யோகனின் அம்மாவும் நடந்தார்; கிளாலிக் கடல் தாண்டி அங்கால் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். அவருக்கு எட்டுச்செலவு செய்ய ஆள் இருந்ததோ தெரியாது. உரும்பிராய் வீட்டில் சுவர் இல்லை, படலையும் இல்லை. இங்கே எங்கள் ஊர்ச்சங்க ஒன்றுகூடலிலும் கூழ் உண்டு. பிளாஸ்ரிக் கோப்பையில் தருகிறார்கள். பாதி குடித்துவிட்டு மேசையில் வைத்துப் படம் எடுக்கப் போகிறார்கள்.

அன்றைக்கு அந்தக் கடையில், சிலிக்காரியின் மண்சட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். "அப்பா, சுடும்! கீழை வையுங்கோ" என்று மகள் பதறினாள். கடைக்காரியும் ஓடிவந்தார். குடித்து முடித்த பிறகுதான் வைத்தேன்.