மே மாதத்தில் உறை போட்ட பின்பால் மெஷின்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவது கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். பேனா பிடித்தால் கை கூசும். போன வாரம் நொய்டாவிலிருந்து ஒருவர் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். வீட்டில் பின்பால் என்கிற குண்டு விளையாட்டு மெஷின் வாங்கி வைத்திருக்கிறாராம், வெயில் வந்ததும் கை வைக்க முடியாமல் கொதிக்கிறதாம், என்ன செய்வது என்று கேட்டார். ஐந்து நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போனதிலிருந்து பழைய மெஷின் ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. தில்லி முனிர்காவில் ஒரு கூலர், ஸ்டெபிலைசர் ரிப்பேர் கடையில் வேலை. என்னோடு பள்ளியில் படித்த நண்பன் மயூர் விஹாரில் அப்பா அம்மாவோடு இருந்தான். அவன் அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். முப்பது வருஷம் தில்லியில் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவர். ஊருக்குத் திரும்பும் ஒரு தூதரக அதிகாரி வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஃப்ரிட்ஜ் வாங்கப் போனார். ஃப்ரிட்ஜை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு வர மனசில்லாமல் டெம்போவில் ஒரு பின்பால் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அங்கிள், இதுல தண்ணி பாட்டில் எங்க வைக்கிறது?" என்றேன்.

"ஏல, வாய மூடிட்டு அந்தப் பக்கம் புடி."

இரண்டு மாடி தூக்கினோம். கட்டில் நீளம், சவப்பெட்டி கனம். கண்ணாடிக்குக் கீழே எஃகுக் குண்டு உருளும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டு குட்டிக் கைகள் அதைத் தட்டி மேலே அனுப்பும். தலைமாட்டில் படம் வரைந்த ஒரு கண்ணாடி, அதன் பின்னால் ஏகப்பட்ட பல்புகள். அது நூற்றிப்பத்து வோல்ட் மெஷின். நம் வீட்டுக் கரண்டைப் பாதியாக்கிக் கொடுக்க ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டி கூடவே வந்தது.

ஏப்ரல் வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. இருபது நிமிஷம் ஆடினால் அந்தக் குட்டிக் கைகள் சோர்ந்து குண்டு பாதியிலேயே திரும்பி வரும். நண்பன் கூலரை அதன் மூஞ்சிக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தான். "ஈரக்காத்து உள்ள போனா துருப்புடிச்சிரும்டா, இது என்ன உங்க தாத்தாவா, விசிறி விட?" என்று திட்டித் திருப்பினேன். ஸ்டெப்-டவுன் பெட்டியை யாரோ மெஷின் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அடுப்பை விழுங்கின மாதிரி. வெளியே எடுத்து ஒரு செங்கல் மேல் வைத்தேன். தலைப்பெட்டியின் பின்பக்கம் சூடு வெளியேற நீளநீளமாகக் கீறல்கள் உண்டு. அதில் தில்லித் தூசி அப்பிக் கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். நேரு பிளேஸிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று கொண்டு வந்து பின்னால் மாட்டி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இழுக்கும்படி செய்தேன். அரை மணி ஆட்டம், கால் மணி ஓய்வு என்று சட்டம் போட்டேன். அந்த மாசம் முழுக்க மெஷின் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

ஞாயிறு தோறும் போவேன். ஆன்ட்டி தோசை போடுவார். ஒரு ஞாயிறு அங்கிள் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல எலெக்ட்ரிக் வேலைக்கு டெய்லி வேஜ்ல ஆள் எடுக்காங்கடே. எங்க பெரிய ஆபீசர் மனசு வச்சா போதும். அடுத்த ஞாயித்துக்கெழம அவரு மவன் இந்த மெஷின் பாக்க வாரான், அவரும் வாராரு. நீ கூட நில்லு. ஒரு வார்த்த சொல்லுதேன்."

நான் அன்றைக்கு ஒரு கிண்டலும் பண்ணவில்லை. தினக்கூலி என்றாலும் சர்க்கார் கட்டடம். நிழல். மே மாத மத்தியானத்தில் மொட்டைமாடிகளில் ஏறிக் கூலர் மோட்டாரைக் கழற்ற வேண்டாம். கடைக்காரன் "ஏ மதராஸி" என்று விசிலடித்துக் கூப்பிட வேண்டாம். அந்த வாரம் முழுக்க ராத்திரி படுத்தால் கனவில் அந்த ஆபீஸ் மின்விசிறிகளைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையே இஸ்திரி போட்ட சட்டையில் போய்ச் சேர்ந்தேன். மெஷினைப் பார்த்ததும் திக்கென்றது. ஆன்ட்டி அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தார்.

தில்லியில் தூசிக்குப் பயந்து எல்லோரும் எல்லாவற்றுக்கும் உறை போடுவார்கள். ஆனால் ஆன்ட்டி மாதிரி யாரும் போட்டதில்லை. டிவிக்கு, மிக்ஸிக்கு, டெலிபோனுக்கு, எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஃப்ரில் வைத்து. இப்போது சோஃபா துணியிலேயே மெஷினுக்கும். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு ஆடலாம். பின்பக்கம் நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. என் ஃபேன், கீறல்கள், எல்லாம் துணிக்குள்ளே. நாற்காலி போட இடம் வேண்டும் என்று மெஷினைச் சுவரோடு சுவராகத் தள்ளியும் விட்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, மே மாசத்துல அதுக்கு எதுக்கு ஸ்வெட்டர்? கழட்டிருங்க, பாவம் வேர்க்குது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நண்பன் கூடுதலாகச் சிரித்தான்.

"ஆபீசர் வீட்டம்மா வந்து, பின்னால வயரு தொங்குறதப் பாத்தா என்ன நினைப்பாக? ரெண்டு நாளு உக்காந்து தச்சிருக்கேன்" என்றார் ஆன்ட்டி.

இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். நானே நாடாவை அவிழ்த்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லப்போகிற நாளில் அந்த வீட்டம்மாவோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

ஆபீசர் குடும்பத்தோடு வந்தார். பையனுக்குப் பத்து வயதிருக்கும். பிடித்த பொத்தானை விடவில்லை. அரை மணி ஆனது. "கொஞ்சம் ரெஸ்ட் கொடுக்கலாம் அங்கிள்" என்றேன். அங்கிள் கண்ணாலேயே அதட்டினார். முக்கால் மணியில் ஃப்யூஸ் போனது. பையன் அழுதான்.

"அரே பையா, ஜல்தி கரோ" என்று ஆபீசர் என்னை அவசரப்படுத்தினார்.

"ஏதாவது பண்ணுடே" என்றார் அங்கிள்.

ஃப்யூஸ் போகிறது என்றால் போதும், நிறுத்து என்று மெஷின் கும்பிட்டுக் கேட்கிறது என்று அர்த்தம். வேறு வீடாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீ குடித்திருப்பேன். அன்றைக்கு ஆபீசரின் சிகரெட் பெட்டியிலிருந்த வெள்ளிக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, ஃப்யூஸில் சுற்றிச் செருகினேன். இனி எவ்வளவு கொதித்தாலும் ஃப்யூஸ் போகாது, மெஷினும் நிற்காது. வெளிச்சம் வந்தது. பையன் கை தட்டினான். ஆபீசர் என் முதுகில் தட்டி, "ஷாபாஷ்" என்றார். அங்கிள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பத்து நிமிஷம்கூட இல்லை. வார்னிஷ் கருகும் வாடை. உறைக்குள்ளிருந்து புகை. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே குட்டிக் கைகளை இயக்கும் காயில்கள் கருகியிருந்தன. தலைமாட்டுக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு, படம் செதில் செதிலாக உதிர்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபீசர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பையனை வாசலுக்கு இழுத்துப் போனார்.

"யே லட்கா கௌன் ஹை?" இந்தப் பையன் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார் ஆபீசர்.

அங்கிள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கோயி நஹி சார். பாஹர் கா மெக்கானிக் ஹை."

யாரும் இல்லையாம். வெளி ஆளாம். இரண்டு மாடி தூக்கியவன், பிரஷ்ஷால் தூசி தட்டியவன், அந்த வீட்டுத் தோசை தின்றவன், எவனோ ஒரு மெக்கானிக்காம். நண்பன் கதவோரம் நின்று கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீயைக்கூடக் குடிக்காமல் ஆபீசர் போனார். ஆன்ட்டி கருகின உறையை மடித்துக்கொண்டே, "இவன நம்பினதுக்கு நல்லா வேணும்" என்றார்.

"நீ கெளம்புடே" என்றார் அங்கிள்.

வெள்ளிக் காகிதம் சுற்றியது நான்தான். இன்றைக்கும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் ஃபேனுக்கு மூச்சு விட இடம் இருந்திருந்தால் அந்த ஃப்யூஸ் போயிருக்காது. இதைச் சொல்ல அந்த வீட்டில் நண்பன் ஒருத்தனால்தான் முடியும். அவன் சொன்னால் அவன் அப்பா கேட்பார், ஆபீசரிடமும் பேசுவார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவன் கூடவே வந்தான். வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உறையக் கழட்டச் சொன்னேன்ல? நீயும் அங்கதான இருந்த? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையாடா உனக்கு?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"நீ சிரிச்சிக்கிட்டுல்லா சொன்ன."