கண்ணீர் வராத அழுகை

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குச் சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர் வேலை. மனைவி தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மகளுக்கு ஒன்றரை வயது.

அந்த ஆண்டு மழை விட்ட பிறகு கிணற்றுத் தண்ணீர் மஞ்சளித்தது. வாளியை மேலே இழுத்ததும் ஈரத் தோலின் நாற்றம் அடித்தது. வட்டாரத்தில் தோல் பதனிடும் தொட்டிகள் இருந்தன. கழிவு மண்ணுக்குள் ஊறிக் கிணறுகளுக்கு வருகிறது, குடிப்பவர்கள் உடம்பில் விஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எவ்வளவு சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அதுதான் பயம். ரயிலில் போகும்போது என் நகங்களின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே போவேன்.

மனைவி தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். சில மணி நேரத்தில் கலங்கல் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அதைப் பார்த்து இருவரும் நிம்மதியடைந்தோம். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு வேறு. காய்ச்சுவதை விட்டுவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. சனிக்கிழமை விடிவதற்குள் ஏழெட்டு முறை போய்விட்டாள். தோல் கழிவின் விஷம் உள்ளே போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். எங்கள் நாளிதழில் வாரந்தோறும் கை வைத்தியக் குறிப்புகள் வரும். வாசகர்கள் எழுதி அனுப்புவதைச் சுருக்கி அச்சுக்குக் கொடுப்பது என் வேலை. உடம்பில் சேர்ந்த நஞ்சு இறங்க விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டும், அன்று தண்ணீர் காட்டக் கூடாது என்ற குறிப்பு சில வாரங்களுக்கு முன் என் கை வழியாகப் போயிருந்தது. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற பிள்ளைக்கு எதற்குப் பேதி மருந்து என்று மனைவி கேட்டாள். போனால்தான் விஷம் இறங்கும் என்றேன். அவள் பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொள்ள, நான் விளக்கெண்ணெயைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன்.

பகல் முழுவதும் மகள் டம்ளரைக் காட்டிக் காட்டி அழுதாள். நாங்கள் கொடுக்கவில்லை. சாயங்காலம் அழுகை குறைந்தது. குணமாகிறது என்று நினைத்தோம்.

ஞாயிறு காலை கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண் வாசலில் வந்து நின்றாள். மீன் வேண்டாம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாள் மனைவி. அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு மகளின் முகத்தருகே குனிந்தாள்.

"இன்னா யக்கா, கண்ணு ரெண்டும் உள்ள பூந்துகினு கீது. அழுவுது, ஒரு சொட்டுத் தண்ணி வர்ல பாரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பேப்பர்ல வேல செய்ற சாரு, இத்தகூட பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. மகளின் வாய் அழுதது, முகம் சுருங்கியது, கன்னம் காய்ந்திருந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மனைவி பின்னால் வந்தாள்.

டாக்டர் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த விளக்கெண்ணெய்க் குறிப்பின் கடைசி இரண்டு வரிகளை நான் வெட்டியிருந்தேன். பத்தியில் இடம் இல்லை. வரிகள் இரண்டு என்பது தெரிந்தது, என் சிவப்பு மைக் கோடு தெரிந்தது. அந்த வரிகளில் என்ன இருந்தது என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. வண்டி கடந்து போகும்வரை யோசித்தேன். வரவே இல்லை.

டாக்டர் மகளின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டார். மடிப்பு அப்படியே நின்றது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"விஷத்தை எடுக்கறேன்னு கொழந்த உடம்புல இருந்த தண்ணிய எடுத்துட்டீங்க, சார்" என்றார்.

தோல் கழிவு கெடுதல்தான், ஆனால் இது அதன் வேலை மாதிரி தெரியவில்லை என்றார். கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே என்று விசாரித்தார். இரண்டுக்கும் நடுவில் பத்தடி கூட இல்லை. தேற்றாங்கொட்டையைப் பற்றிச் சொன்னேன். அது மண்ணைத்தான் படிய வைக்கும், கிருமியைக் கொல்லாது, காய்ச்சினால்தான் கிருமி சாகும் என்றார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்து தந்து, தீர்ந்தால் வீட்டிலும் அதே அளவில் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாக விடாமல் கொடுக்கச் சொன்னார்.

"நாலு மணிக்குள்ள யூரின் போகணும். போகலன்னா எழும்பூர் கொழந்தைங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவி மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஸ்பூனைப் பிடித்தேன். முதல் அரை மணி நேரத்தில் கொடுத்ததெல்லாம் வாந்தியாக வந்தது. மறுபடி தொடங்கினோம். சில நிமிடத்துக்கு ஒரு முறை மகளுக்கு அடியில் இருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இரண்டு மணிக்கும் காய்ந்திருந்தது. மூன்று மணிக்கு மனைவி எழும்பூருக்குப் போகப் பை எடுத்து வைக்கச் சொன்னாள். எதை எடுத்து வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

மூன்றரை தாண்டியதும் அவள் என் கையை இழுத்துத் தன் புடவை மடிப்பில் வைத்தாள். சூடாக நனைந்திருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, துணி மாற்றவில்லை. அந்த ஈரத்தோடேயே உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஸ்பூனைப் பார்த்து வாயைத் திறந்தாள். டாக்டர் தந்தது தீர்ந்துபோய், நான் வீட்டில் காய்ச்சிக் கலந்த தண்ணீர் அது. அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். காய்ச்சினால் கிருமி சாகும் என்று சொன்ன டாக்டர், அந்த மஞ்சள் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறு தண்ணீர் எங்களிடம் இல்லை. நான் கொடுத்தேன். அவள் விழுங்கினாள்.